வெள்ளையாக இட்டாலும் அது நாட்டுக்கோழி முட்டைதான்

கோழிக்கழிச்சல் தடுப்பூசி போடப் போன ஒரு வீட்டில், அடுப்பில் டீத்தூள் கொதித்துக்கொண்டிருந்தது. குடிப்பதற்கு இல்லை, முட்டைக்கு. அந்த அம்மா வளர்ப்பது சிறுவிடைக் கோழிகள். பகலெல்லாம் தோட்டத்தில் கிளறித் தின்று, பொழுது சாய்ந்தால் பஞ்சாரத்தில் அடைகிற அசல் நாட்டுக்கோழிகள். முட்டை கொஞ்சம் வெளுப்பாக இருக்கிறது, இது பண்ணை முட்டை என்று கடைக்காரர் திருப்பி அனுப்பிவிட்டாராம். அதனால் நாட்டுக்கோழி முட்டையை நாட்டுக்கோழி முட்டை மாதிரி காட்டுவதற்காக டிகாஷனில் ஊறவைத்துக்கொண்டிருந்தார்! அந்தக் கடையில் நாட்டுக்கோழி முட்டை என்று அட்டை அட்டையாக விற்பது, அச்சில் வார்த்ததுபோல் ஒரே அளவும் ஒரே பழுப்புமாக இருக்கும் கூண்டுக்கோழி முட்டை.

சாயம் ஏற்றி விற்கும் வியாபாரிகளைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு இப்போது கோபம் வாங்குகிறவர்கள் மேல்தான். பழுப்பு என்றால் நாட்டுக்கோழி, வெள்ளை என்றால் பண்ணை என்று யார் சொல்லிக் கொடுத்தார்கள் உங்களுக்கு?

ஓட்டின் நிறம் கோழியின் பரம்பரையில் இருக்கிறது. முட்டை வெளியே வருவதற்கு முந்தைய சில மணி நேரத்தில், கருப்பையில் ஓட்டின் மேல் பூசப்படும் நிறமி அது. தீவனத்தாலோ ஊசியாலோ வெள்ளை முட்டைக் கோழியைப் பழுப்பு முட்டை இட வைக்க முடியாது. நாமக்கல் பண்ணைகளில் பெரும்பாலும் இருப்பது வெள்ளை லெகார்ன் என்ற இனத்தின் வழிவந்த கோழி, அதனால் அங்கே வெள்ளை முட்டை. அதே கூண்டில், அதே தீவனத்தில், பழுப்பு முட்டைக் கலப்பினத்தை வளர்த்தால் பழுப்பு முட்டை. நம் நாட்டுக்கோழிகளோ யாரும் நிறம் பார்த்துத் தேர்ந்தெடுத்து வளர்த்தவை அல்ல. ஒரே வீட்டில் ஒன்று பால்வெள்ளைக்குப் பக்கத்தில் இடும், இன்னொன்று சந்தன நிறத்தில், மூன்றாவது வெளிர்பழுப்பில். அட்டையில் முப்பதும் ஒரே நிறமாக இருந்தால்தான் நீங்கள் சந்தேகப்பட வேண்டும்.

கடக்நாத் வளர்ப்பவர்களுக்கு வேறு தலைவலி. கருங்கோழி ஆயிற்றே, முட்டை ஏன் கறுப்பாக இல்லை என்று கேட்டு வாடிக்கையாளர்கள் சண்டைக்கு வருகிறார்களாம். மத்தியப் பிரதேசத்து ஜாபுவா பகுதிக் கோழி அது. தோல், கறி, எலும்புவரை கறுப்பு ஏறியிருக்கும். 2018இல் அதன் கறிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. முட்டை மட்டும் வெளிர்பழுப்புதான். வாட்ஸப்பில் சுற்றும் கருமுட்டைப் படத்தை இனிமேல் எனக்கு அனுப்பாதீர்கள்.

சரி, நாட்டு இனங்களுக்குள் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, ஆனால் நீங்கள் தேடும் இடத்தில் இல்லை. சிறுவிடை முட்டை பெரும்பாலும் நாற்பது கிராமுக்குள் நிற்கும். பெருவிடை, அசில் முட்டை அதைவிடக் கனம், ஆனால் எண்ணிக்கை குறைவு. சேவல் சண்டைக்காகப் பெருக்கிய இனத்திடம் முட்டையை எதிர்பார்த்தால் எப்படி? எந்த நாட்டுக்கோழியும் பத்துப் பதினைந்து இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். ஆண்டுக்கு நூறைத் தாண்டுவது அபூர்வம். கடக்நாத்துக்கு மட்டும் அடைகாக்கும் குணம் குறைவு. நாட்டுக்கோழி ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 250 முட்டை இடும் என்று யாராவது குஞ்சு விற்றால், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். ஹைதராபாத் கோழி ஆராய்ச்சி இயக்ககம் புழக்கடைக்கென்றே உருவாக்கிய கிராமப்பிரியா என்ற கலப்பினம், 72 வார வயதுக்குள் 200க்கு மேல் இடும். நல்ல கோழி, நானே சிபாரிசு செய்வேன். அதன் பழுப்பு முட்டையை நாட்டுக்கோழி முட்டை என்று விற்பதைத்தான் சகிக்க முடியவில்லை.

உடைத்துப் பார்த்தால் தெரியும் ஒரு வித்தியாசம், மஞ்சள் கருவின் பங்கு. முட்டை சிறியதாக இருந்தாலும் நாட்டுக்கோழியில் மஞ்சள் கரு கூடுதல் இடம் பிடிக்கும். அந்தக் கெட்டியும் ருசியும் அதிலிருந்துதான். கொழுப்பும் கொலஸ்ட்ராலும் இருப்பதும் அதில்தான் என்பதால், நாட்டு முட்டையில் கொலஸ்ட்ரால் இல்லை என்று பேசுவதை நிறுத்துங்கள். புரதம் எந்த முட்டையிலும் நூறு கிராமுக்கு 12, 13 கிராம். மஞ்சளின் அடர்த்தி இனத்தைச் சொல்லாது, மேய்ச்சலைச் சொல்லும். அடைத்துவைத்துக் குருணையும் தவிடும் போட்ட நாட்டுக்கோழியின் கரு வெளிறித்தான் இருக்கும். தீவனத்தில் செண்டுமல்லிப் பூச்சாறு சேர்த்தால் கூண்டுக்கோழியின் கருவும் ஆரஞ்சாகும். ருசிக்காக இரண்டு மடங்கு விலை கொடுங்கள், அந்த அம்மாவின் பிழைப்புக்காகக் கொடுங்கள். இரண்டு மடங்கு சத்து என்று நினைத்துக் கொடுக்காதீர்கள்.

(வளர்ப்பவர்களுக்கு மட்டும் ஒரு வார்த்தை: எப்போதும் பழுப்பாக இட்ட கோழிகள் திடீரென வெளிறிய முட்டையோ தோல்முட்டையோ இட்டால் அது இனக்கோளாறு அல்ல, நோயாக இருக்கலாம். முட்டை உற்பத்திக் குறைவு நோயில் முதலில் போவது நிறம்தான். கோழிகளை விற்றுத் தள்ளுவதற்கு முன் கால்நடை மருத்துவமனைக்கு வாருங்கள்.)

நிறம் பார்ப்பதில் செலவிடும் அக்கறையில் பாதியைப் புதுசா என்று பார்ப்பதில் காட்டினால் போதும். வாரத்துக்குப் பத்து முட்டை சேர்ந்தபின் சந்தைக்கு வரும் நாட்டு முட்டை, நேற்று இட்ட பண்ணை முட்டையைவிடப் பழசாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. உடைத்தால் வெள்ளைக்கரு தண்ணீர்போல் தட்டெல்லாம் ஓடும். போதாததற்குச் சேவலோடு திரியும் கோழி இட்டது, கரு கூடியது. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டுக் கூடையில் கிடந்தால் அடை வைக்காமலே கரு வளரத் தொடங்கிவிடும். உடைத்ததும் ரத்த வளையம் தெரிவது அதனால்தான். அப்புறம், அடைக்கோழியின் அடியிலிருந்து எடுத்து விற்ற முட்டை இருக்கிறதே, கூழ்முட்டை, அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

ஆகவே இட்ட நாளைக் கேளுங்கள். வெயில் காலத்தில் வளர்ப்பவர்கள் காலையும் மாலையும் பொறுக்குங்கள், பென்சிலால் தேதி போடுங்கள், அடை முட்டையில் குறி போட்டுவையுங்கள். வாங்கியதும் கழுவி அடுக்காதீர்கள், சமைக்கும்போது கழுவினால் போதும். ஓட்டின்மேல் இருக்கும் மெல்லிய பூச்சுதான் கிருமிக்குத் தடை. டிகாஷனில் ஊறவைப்பதால் போவதும் அதுதான். சூடான முட்டையைத் திரவத்தில் போட்டால், ஆறும்போது நுண்துளை வழியே வெளியே உள்ளதை உள்ளே இழுக்கும். ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்துப் பார்த்தபின் சட்டியில் ஊற்றுங்கள்.

வயசுக்கு வந்த பிள்ளைக்குப் பச்சை முட்டையை நல்லெண்ணெயோடு குடிக்கக் கொடுக்கும் பாட்டிமார்களே, உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன். நாட்டுக்கோழிக்கும் சால்மோனெல்லா உண்டு, அதுவும் குப்பைமேட்டைக் கிளறுகிறதுதான். பச்சையாகக் குடித்தால் புரதமும் சரியாகச் செரிக்காது. உளுந்தங்களி கொடுங்கள், நல்லெண்ணெய் கொடுங்கள், முட்டையை மட்டும் கெட்டியாக வேகவைத்துக் கொடுங்கள்.

கோழிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும் நாட்களில் இட்ட முட்டையை விற்கவும் வேண்டாம், வீட்டில் தின்னவும் வேண்டாம். மருந்து நிறுத்தியபின் எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்பது மருந்துக்கு மருந்து மாறும். சீட்டு எழுதும்போதே டாக்டரிடம் கேட்டு, அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.