ரிலீஃப்: கிட்டார் கழுத்தின் குழிவு

கிட்டாரின் கழுத்து அளவுகோல்போல நேராக இருக்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நன்றாக அமைத்த கழுத்து பெரும்பாலும் மிக இலேசாக வளைந்திருக்கும். விரற்பலகையின் நடுப்பகுதி தந்தியிலிருந்து விலகி, தலைமுடி அளவு கீழே இறங்கியிருக்கும். இந்த இறக்கத்தின் பெயர்தான் ரிலீஃப்.

சொல்லின் வேர் இலத்தீன் ‘ரெலெவாரே’. மீண்டும் உயர்த்துதல், பாரம் குறைத்தல் என்று இரு பொருள். பாரம் குறைக்கும் பொருள் பிரெஞ்சு வழியே ஆங்கிலத்துக்கு வந்து, நாம் நிவாரணம் என்று சொல்வதைக் குறித்தது. உயர்த்தும் பொருள் இத்தாலியச் சிற்பிகளின் ‘ரிலியேவோ’ ஆனது. அது நமக்குப் புடைப்புச் சிற்பம். கிட்டாருக்கு இரண்டும் ஒவ்வாது. குறிப்பாக ‘புடைப்பு’ என்று எழுதினால் பொருளே தலைகீழாகிவிடும், ஏனெனில் இங்கே பலகை புடைக்கவில்லை, குழிகிறது. லேத் பட்டறையில் வெட்டுளியின் பின்பக்கம் உரசாதபடி சற்றுச் சரித்துத் தேய்ப்பார்கள். அந்த இடைவெளியும் ரிலீஃப்தான். கிட்டாரில் வழங்கும் பொருள் இதற்கு நெருக்கமானது.

அந்த இடைவெளி எதற்கு? மீட்டிய தந்தி நின்ற இடத்தில் நிற்பதில்லை. மேலும் கீழும் விரிந்து ஆடுகிறது. தலைப்பக்கத்து மெட்டு (விரற்பலகையின் குறுக்கே பதித்த உலோகக் கம்பி, ஃப்ரெட்) ஒன்றை அழுத்தி மீட்டும்போது, அடுத்தடுத்த மெட்டுகளுக்கும் தந்திக்கும் இடையே மிகக் குறைந்த இடமே இருக்கும். பலகை அங்கே சற்றுத் தாழ்ந்தால் தந்தி மெட்டில் பட்டு இரையாது.

வளைப்பது தந்திகளே. எலெக்ட்ரிக் கிட்டாரில் போடும் மெல்லிய தந்திகள் ஆறும் சேர்ந்து ஏறத்தாழ 45 கிலோ விசையில் இழுக்கின்றன. எஃகுத் தந்தி அகூஸ்டிக்கில் அது 70 கிலோவையும் தாண்டும். அதை எதிர்த்து நிற்பது கழுத்துக்குள் ஓடும் டிரஸ் ராட் என்ற உலோகக் கம்பி. கிப்சன் நிறுவனத்தின் தாடியஸ் மெக்ஹியூ உருவாக்கிய, திருகிச் சரிசெய்யும் கம்பிக்கு 1923-இல் காப்புரிமை கிடைத்தது. வலஞ்சுழியாகத் திருகினால் குழிவு குறையும்.

அளப்பதற்கு நம் பள்ளி வடிவியல் போதும். வளைந்த பலகை வில். முதல் மெட்டிலும் 17-ஆவதிலும் ஒரே நேரத்தில் அழுத்திய தந்தி நாண். நடுவில் இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளி வில்லில் தொடுத்த அம்பு. இலத்தீனிலும் அந்த அளவுக்கு அம்பு என்று பொருள்படும் ‘சகிட்டா’ என்றே பெயர். 648 மி.மீ. தந்தி நீளமுள்ள ஃபெண்டர் கிட்டாரில் முதல் மெட்டு தலைப்பக்கத் தாங்கியிலிருந்து 36 மி.மீ. தொலைவில் இருக்கிறது, 17-ஆவது 405 மி.மீ. தொலைவில். நடுப்புள்ளி 221 மி.மீ.; அதற்கு மிக அருகில், 216-இல், 7-ஆம் மெட்டு. அங்கே அளக்கச் சொல்வதற்கு இதுவே காரணம்.

அந்த இடத்தில் இடைவெளி 0.25 மி.மீ. என்றால், நாணின் வர்க்கத்தை அம்பின் எட்டு மடங்கால் வகுத்து ஆரத்தைக் காணலாம். நாண் 369 மி.மீ.; விடை சுமார் 68 மீட்டர்! அவ்வளவு பெரிய வட்டத்தின் சிறு துண்டு என்பதால்தான் வளைவு கண்ணுக்குச் சட்டென்று தெரிவதில்லை. இரு சக்கர வாகன மெக்கானிக் எஞ்சினில் டேப்பட் இடைவெளி பார்க்கும், அளவு குறித்த மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் இதற்கும் உதவும். அது இல்லையென்றால் சாதாரண நகல் தாள் ஒன்று ஏறத்தாழ 0.1 மி.மீ. தடிமன்; இரண்டு தாள் தாராளமாக நுழைந்து மூன்று நுழையத் திணறினால் அளவு சரி.

இவற்றையெல்லாம் பார்க்கும்போது ‘கழுத்துக் குழிவு’ என்பதே பொருத்தமான தமிழ் என்பேன். குழியாடி, குழிலென்சு என்று பாடநூல் பழக்கிய சொல். கேட்டதும் வடிவம் தெரிகிறது. மெட்டும், தந்தியின் மறுமுனையைத் தாங்கும் குதிரையும் வீணையிலிருந்து ஏற்கெனவே நம்மிடம் இருக்கின்றன. மெட்டுக்கு மேல் தந்தி நிற்கும் உயரமான ‘ஆக்‌ஷன்’ என்பதற்குத் ‘தந்தி உயரம்’ போதும்.

குழிவையும் உயரத்தையும் ஒன்றாக எண்ணுவதுதான் பெரிய குழப்பம். ராடை முறுக்கினால் உயரமும் குறைவது உண்மை. ஆனால் அதற்காகவே முறுக்கிக்கொண்டு போனால் முதல் ஐந்து மெட்டுகளில் இரைச்சல் கிளம்பும். சுருதி சேர்த்து, குழிவைச் சரிசெய்து, மறுபடி சுருதி சேர்த்த பிறகே குதிரையில் கை வைக்க வேண்டும். 12-ஆம் மெட்டு தந்தியின் சரிபாதியில் இருப்பதால், வடிவொத்த முக்கோணங்களின்படி அங்கே 0.4 மி.மீ. தாழ வேண்டுமானால் குதிரையில் 0.8 மி.மீ. இறக்க வேண்டும்.