ஜீவனாம்சம் இருக்க ‘துணை ஆதரவு’ எதற்கு?

விவாகரத்து பற்றிய ஒரு மொழிபெயர்ப்பில் ‘குழந்தை ஆதரவு’, ‘துணை ஆதரவு’ என்று மறுபடியும் பார்த்துவிட்டேன். ஆங்கிலத்தின் ‘சைல்டு சப்போர்ட்’, ‘ஸ்பௌசல் சப்போர்ட்’ சொல்லுக்குச் சொல் பெயர்ந்து வந்தவை; பிள்ளைக்கும், கணவன் அல்லது மனைவிக்கும் கட்ட வேண்டிய தொகைகள். எத்தனையாவது முறை என்று எண்ணுவதை விட்டாயிற்று.

ஜீவனம் என்றால் பிழைப்பு. அம்சம் என்றால் பங்கு. இரண்டும் சேர்ந்தால் ஜீவனாம்சம், அதாவது பிழைப்புக்கான பங்கு. வடசொல்தான். ஆங்கிலத்தில் அலிமனி என்பார்கள்; ஊட்டி வளர்ப்பதைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தது. வேர் இவ்வளவுதான்.

சரி, ‘ஆதரவு’க்கு வருவோம். தேர்தலில் கட்சிக்குக் கொடுப்பது ஆதரவு. மனமிருந்தால் தரலாம், பிடிக்காவிட்டால் ‘வாபஸ்’ வாங்கலாம். நீதிமன்றம் விதிக்கும் தொகை அப்படியா? கட்டாவிட்டால் சிறைக்கும் அனுப்பலாம். ‘துணை ஆதரவு’ இன்னும் மோசம். துணைவேந்தர், துணைத்தலைவர் என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, முதன்மை ஆதரவு வேறெங்கோ இருக்கிறது, இது அதற்கு அடுத்தது என்றுதான் தோன்றும். ‘குழந்தை ஆதரவு’ என்றால் குழந்தை யாருக்கோ ஆதரவு தருகிறது. வேற்றுமை உருபை விழுங்கிவிட்டு இரண்டு பெயர்ச்சொற்களை ஒட்டவைத்தால் தமிழாகிவிடும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ!

‘பராமரிப்பு’ என்பாரும் உண்டு. ‘பராமரிப்புத் தொகை’ என்று முழுதாக எழுதினால்கூட எனக்கு அடுக்குமாடி லிஃப்டுதான் நினைவுக்கு வருகிறது. அதிலும் ‘பராமரிப்பு வழக்கு’ என்று சுருக்கிவிட்டால் யார், எதைப் பராமரிப்பது?

தனித்தமிழ் அன்பர்கள் கோபிக்கலாம். ஆனால் படிக்காத பாட்டிக்கும் புரிகிற சொல் ஜீவனாம்சம். அதைத் தள்ளிவிட்டுப் புரியாததை நட்டு என்ன லாபம்?

ஜீவனாம்சம் என்ற சொல்லின் குறை வேறு இடத்தில் இருக்கிறது. மனைவிக்கு, பிள்ளைக்கு, வயதான பெற்றோருக்கு என எல்லாவற்றுக்கும் அந்த ஒரே சொல்லைப் போடுகிறோம். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த புதிய சட்டத்தின் 144 ஆகிய பிரிவுகளும் இந்த மூவரையும் ஒன்றாகத்தான் வைத்திருக்கின்றன. ஆனால் 1955-இன் இந்து திருமணச் சட்டம் பிரித்துச் சொல்கிறது: 24, 25 பிரிவுகள் கணவன் மனைவிக்கு, 26 பிள்ளைகளுக்கு. (24, 25-இன்கீழ் கணவரும் கேட்கலாம். ‘ஜீவனாம்சம்’ என்றதும் பெண் முகம் மட்டும் தோன்றுவது நம் பழக்கம்.) ஜீவனாம்சம் பெறுபவர் மறுமணம் செய்துகொண்டால் நீதிமன்றம் அதைக் குறைக்கலாம், ரத்தும் செய்யலாம். பிள்ளையின் செலவு அதோடு தீர்ந்துவிடாது. அது பிள்ளையின் உரிமை. “எனக்கு எதுவும் வேண்டாம்” என்று தாய் எழுதிக் கொடுத்தாலும் போகாது. “அவள்தான் வேறு கல்யாணம் பண்ணிக்கொண்டாளே, நான் ஏன் கட்ட வேண்டும்?” என்று கேட்கும் தகப்பன்மாருக்கு இந்தச் சொற்குழப்பம் வசதியாகப் போய்விட்டது.

ஆகவே துணைக்கு ஜீவனாம்சம், பிள்ளைக்கு வளர்ப்புச் செலவு என்று நான் எழுதுகிறேன். ‘வளர்ப்பு’ என்றதும் வளர்ப்புத்தாய் நினைவுக்கு வருகிறாள் என்றார் ஒரு நண்பர். பக்கத்தில் ‘செலவு’ நிற்கும்போது அவள் வரமாட்டாள்.