படை முகாமில் கூட்டுத் தடுப்பூசி: வரிசை எங்கே தேங்குகிறது?

ஆயிரம் வீரர்களுக்கு ஒரே நாளில் தடுப்பூசி என்றால், ஊசி போட எத்தனை பேர் வேண்டும் என்ற கேள்விதான் முதலில் வரும். ஊசி போட அரை நிமிடம்கூட ஆகாது. வரிசை தேங்குவது அதற்கு முன்னால், உடல்நிலையைக் கேட்டறியும் விசாரணை மேசையில்.

அந்த அரை நிமிடத்தையும் மிச்சம் பிடிக்கத்தான் அமெரிக்கப் படை, ஊசியில்லாமல் மருந்தைத் தாரையாகப் பாய்ச்சும் ஜெட் இன்ஜெக்டர்களை இறக்கியது. 1960களில் வந்த பெட்-ஓ-ஜெட் என்ற கருவிக்கு மின்சாரமே வேண்டாம். காலால் மிதித்தால் ஸ்பிரிங் இறுகும். விசையை அழுத்தினால் மயிரிழைத் துளை வழியாக மருந்து தோலைத் துளைத்து உள்ளே போகும். மணிக்கு 600 பேருக்கு மேல் போடலாம். ஆனால் முனையைச் செங்குத்தாக அழுத்திப் பிடிக்க வேண்டும். வீரர் கையை இழுத்துக்கொண்டால் அதே மருந்துத் தாரை பிளேடு போலத் தோலைக் கிழிக்கும். பிடி தளர்ந்தால் மருந்து வெளியே வழியும். உள்ளே எவ்வளவு போனது என்று யாராலும் சொல்ல முடியாது.

பெரிய ஆபத்து வேறு. தோலில் மோதிய தாரை தெறித்துத் திரும்பும்போது, கண்ணுக்குத் தெரியாத அளவு ரத்தம் முனையில் ஒட்டும். அது துளைக்குள்ளும் போய்விடும் என்பதால் வெளியே துடைத்துப் பயனில்லை. 1980களின் நடுவில் கலிபோர்னியாவில் ஒரு எடைக்குறைப்பு மருத்துவமனையில் இப்படித்தான் ஹெபடைடிஸ் பி பரவியது. 1997-ல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, பலருக்கும் ஒரே முனையைப் பயன்படுத்தும் கருவிகளைக் கைவிட்டது. இப்போது வருபவற்றில் மருந்து நிரப்பும் பகுதியை ஆளுக்கு ஒன்று மாற்ற வேண்டும். பாதுகாப்பு உண்டு, பழைய வேகம் இல்லை.

ஆகவே வேகத்தை மேசைகளை அடுக்கும் விதத்தில்தான் தேட வேண்டும். கை சுத்தம் செய்வது, சிரிஞ்சை அப்புறப்படுத்துவது எல்லாம் சேர்த்து ஊசிக்கு ஒரு நிமிடம். விசாரணைக்கு இரண்டு நிமிடம் என்று வையுங்கள். மணிக்கு 120 பேர் என்றால் ஊசி போட 2 பேர், விசாரிக்க 4 பேர். பிறகு 15 நிமிடம் உட்கார வைக்க 30 நாற்காலி. இந்த நாற்காலிகளைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ஊசி போட்ட கையோடு அணிவகுப்பில் நிறுத்தினால் வாட்டசாட்டமான இளைஞரும் மயங்கி விழுவார். மயக்கத்தைவிடத் தலையில் படும் அடிதான் மோசம். மயங்கியவருக்கு நாடி மெதுவாக இருக்கும், முகம் வெளிறும், படுக்க வைத்தால் தெளிவார். தோல் தடித்து, மூச்சு இரைத்து, நாடி வேகமாக ஓடினால் அது ஒவ்வாமை அதிர்ச்சி: யோசிக்காமல் 1:1000 அட்ரினலின் 0.5 மில்லி, தொடையின் வெளிப்பக்கத் தசையில்.

விசாரணை மேசை மேலதிகாரியின் காதுக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். ஸ்டீராய்டு சாப்பிடுவதையோ கர்ப்பமாக இருப்பதையோ சக வீரர்கள் முன்னால் யார் சொல்வார்கள்? உயிருள்ள கிருமி சேர்ந்த தடுப்பூசிகளுக்கு அந்தப் பதில்தான் முக்கியம்.

ஊசி போடுபவரும் போட்டுக்கொள்பவரும் உட்கார்ந்திருக்கட்டும். நின்றபடி போட்டால் ஊசி மேலே ஏறிவிடும். தோள் எலும்பின் முனையிலிருந்து இரண்டு மூன்று விரற்கடை கீழே என்பதுதான் கணக்கு. அதற்கு மேலே போனால் மூட்டில் பட்டு மாதக்கணக்கில் வலி. சட்டைக் காலரை இழுத்து இடம் தேடாமல் சட்டையைக் கழற்றச் சொல்லுங்கள். 25 மி.மீ. ஊசி பெரும்பாலோருக்குப் போதும். 118 கிலோவுக்கு மேற்பட்ட ஆண்களுக்கு 38 மி.மீ. வேண்டும்.

ஒருமுறை பயன்படுத்தியதும் தானாகப் பூட்டிக்கொள்ளும் 0.5 மில்லி சிரிஞ்சில், பழக்க தோஷத்தில் முதலில் காற்றை இழுத்துக் குப்பிக்குள் தள்ளாதீர்கள். பிளஞ்சர் பூட்டிக்கொள்ளும், சிரிஞ்ச் குப்பைக்குத்தான். முதல் நாள் இரவே நூறு சிரிஞ்சுகளில் மருந்தை நிரப்பி வைப்பதும் கூடாது. நிரப்பிய பிறகு எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். எது எந்த மருந்து என்று குழம்புவது அங்கேதான். முன்கூட்டி நிரப்பியே ஆக வேண்டுமென்றால் ஊசி போடும் ஒருவருக்கு ஒரு குப்பி, அதிகபட்சம் 10 டோஸ். ஒரு மேசையில் ஒரே மருந்து.

வெயிலுக்குப் பயந்து ஐஸ் பேக்கை ஃப்ரீசரிலிருந்து நேராகப் பெட்டிக்குள் வைப்பவர்கள் உண்டு. 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய டெட்டனஸும் ஹெபடைடிஸ் பி-யும் அதில் உறைந்து வீணாகும். பேக்கை ஆட்டினால் உள்ளே தண்ணீர் சலசலக்க வேண்டும், பிறகு வையுங்கள். பொடியைக் கரைத்துக் கலக்கிய தட்டம்மை, மஞ்சள் காய்ச்சல் மருந்துகளுக்கு 6 மணி நேரம்தான் ஆயுள். மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள்.

மருந்துக் குப்பியில் உள்ள தொகுதி (batch) எண்ணை ஊசி போட்ட உடனே எழுதுங்கள், மாலையில் மொத்தமாக அல்ல. 1942-ல் அமெரிக்கப் படைக்குப் போட்ட மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியில் மனித ரத்தச் சீரம் சேர்த்திருந்தார்கள். அதன் வழியாக ஹெபடைடிஸ் பி தொற்றி, சுமார் 50,000 வீரர்கள் காமாலையில் படுத்தார்கள். குறிப்பிட்ட சில தொகுதிகளைப் போட்டுக்கொண்டவர்களிடமே நோய் குவிந்திருந்ததுதான் பழி தடுப்பூசியின் மேல் விழக் காரணமாயிற்று.