பழைய ஜாவா ஆப்ல புது கோட்லின் எப்படி ஒட்டுது?

கிருஷ்ணகிரி மாங்கா மண்டில கொஞ்ச நேரம் நின்னு பாருங்க, தோட்டக்காரர் தமிழ்ல பேசுவாரு, வாங்க வந்தவர் தெலுங்குல விலை கேப்பாரு, லாரிக்காரர் கன்னடத்துல அவசரப்படுத்துவாரு, ஆனா எடை சீட்டு கைக்கு வந்துட்டா மூணு பேருக்கும் ஒரே நம்பர்தான்.

ஆண்ட்ராய்டு ஆப் எழுதுற ரெண்டு மொழி, பழைய ஜாவாவும் புது கோட்லினும், இப்படித்தான் சேருது. அங்க அந்த சீட்டுக்குப் பேரு பைட்கோட், ரெண்டு மொழியும் கடைசில மாறுற பொதுவான கட்டளை வடிவம். ஜாவா 1995ல வந்தது, கோட்லின் 1.0 வந்தது 2016ல, நடுவுல இருபது வருஷத்துக்கு மேல இடைவெளி இருந்தும் ரெண்டையும் கம்பைல் பண்ணா, அதாவது நாம எழுதுனத பைட்கோடா மாத்துனா, கிடைக்கிறது ஒரே மாதிரி கிளாஸ் ஃபைல். முதல்ல கோட்லின் கம்பைலர் ஓடும், அது பக்கத்துல இருக்கிற ஜாவா ஃபைலையும் படிச்சு என்னென்ன ஃபங்ஷன் இருக்குன்னு தெரிஞ்சுக்கும், அப்புறம் ஜாவா கம்பைலர் வந்து கோட்லின் போட்டு வச்ச கிளாஸ் ஃபைல பாத்து தன் வேலைய முடிக்கும். கடைசில டி8ங்கிற டூல் எல்லாத்தையும் ஆண்ட்ராய்டுக்குப் புரியுற டெக்ஸ் ஃபைலா மாத்திடும். போன் ஓட்டுறது அதத்தான், எது எந்த மொழில எழுதுனதுன்னு அதுக்குத் தேவையே இல்ல.

ஆனா ரெண்டு மொழியும் சந்திக்கிற எல்லையில ஒரு பள்ளம் இருக்கு, நல் (null), அதாவது மதிப்பே இல்லாத காலி இடம்.

மாமா மண்டிக்கு கணக்கு ஆப் ஒண்ணு இருக்கு, யாரோ பல வருஷம் முன்னாடி ஜாவால எழுதுனது. போன் நம்பர் காட்டுற ஸ்க்ரீன மட்டும் நான் கோட்லின்ல எழுதுனேன். கோட்லின்ல நல் வர சான்ஸ் இருந்தா டைப்புக்குப் பின்னாடி கேள்விக்குறி போடணும், இல்லன்னா கம்பைலரே விடாது, அதனால தைரியமா இருந்தேன். மே மாசம் சீசன் உச்சத்துல, போன் நம்பர் குடுக்காத ஒரு பெரியவர் பேர தொட்டதும் ஆப் படுத்துடுச்சு. ஏன்னா ஜாவால இருந்து வர்ற ஸ்ட்ரிங், அதாவது எழுத்து வடிவ டேட்டா, காலியா (null) இருக்குமா இருக்காதான்னு கோட்லினுக்குத் தெரியாது, அத பிளாட்ஃபார்ம் டைப்புன்னு வச்சுகிட்டு நம்மள நம்பி விட்டுடும். ஜாவா ஃபங்ஷன் தலைல, இது காலியா வரலாம்னு சொல்ற நல்லபிள் (Nullable) குறிப்பு ஒண்ணு போட்டேன், உடனே கம்பைலர் அது தொடர்பா நான் கவனிக்காத இன்னும் நாலு இடத்தையும் சிவப்பா காட்டிடுச்சு. 1965ல இந்த null-ங்கிறத கொண்டுவந்த கம்ப்யூட்டர் விஞ்ஞானி டோனி ஹோர் பின்னாடி அத நூறு கோடி டாலர் தப்புன்னு சொன்னாரு, அது எவ்வளவு நிஜம்னு அன்னைக்குப் புரிஞ்சுது.

திரும்ப ஜாவால இருந்து கோட்லின கூப்பிடும்போதும் கொஞ்சம் பாக்கணும். கோட்லின்ல டீஃபால்ட் வேல்யூ, அதாவது நாம எதுவும் குடுக்கலன்னா தானா எடுத்துக்கிற மதிப்பு, குடுத்து எழுதுன ஃபங்ஷன்ல ஜாவாவுக்கு அந்த வசதி தெரியாது, ஜேவிஎம் ஓவர்லோட்ஸ்னு மேல போட்டாதான் தெரியும்.

ஐபோன் பக்கம் பழைய மொழி ஆப்ஜெக்டிவ் சியும் 2014ல வந்த புது மொழி ஸ்விஃப்டும் இதே மாதிரி சேர்ந்துதான் ஓடுது, அங்க ப்ரிட்ஜிங் ஹெடர்னு ஒரு ஃபைல் நடுவுல நிக்கும், ஆனா ஸ்விஃப்ட்ல டேட்டாவ சேர்த்து வைக்கிற ஸ்ட்ரக்ட் ஆப்ஜெக்டிவ் சி பக்கம் தெரியாது.

மண்டி ஆப்ல கமிஷனும் கூலியும் கழிக்கிற பழைய ஜாவா ஃபைல நான் இன்னும் தொடல, பல சீசனா பைசா பிசகாம கணக்கு போடுது, புதுசா வர்ற ஸ்க்ரீன் மட்டும் கோட்லின்ல போய்ட்டிருக்கு.