ஆன்லைனில் பண்ணைப் பயிற்சி முடித்தாயிற்று, ஆடு வாங்கலாமா?

கால்நடை மருத்துவராகப் பண்ணைகளுக்குப் போய்வருவதோடு, ஆன்லைனில் பண்ணை மேலாண்மை வகுப்பும் எடுக்கிறேன். என் மாணவர்கள் கெட்டிக்காரர்கள். ஆட்டுக்குச் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள், பசுவுக்கு 280, எருமைக்கு 310 என்று கேட்ட மாத்திரத்தில் சொல்வார்கள். தடுப்பூசி அட்டவணை கைபேசியிலேயே இருக்கும். லாபக் கணக்குக்கு எக்செல் தாளும் தயார். (அந்தத் தாளில் மட்டும் ஒரு குட்டிகூடச் சாவதில்லை.)

சிக்கல் கொட்டகைக்குள் போன பிறகுதான் வருகிறது. ஒரு ஆட்டுப் பண்ணையில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். அதுவரை மேய்ச்சலில் இருந்த ஆடுகளை வாங்கிவந்து, எடை கூட்டுவதற்காக முதல் நாளே மக்காச்சோளம் கலந்த அடர்தீவனத்தை (தானியம், பிண்ணாக்கு போன்ற சத்துமிக்க தீவனம்) பாடத்தில் இருந்த அளவுப்படி வைத்திருக்கிறார்கள். அளவு சரிதான். ஆனால் அது அடர்தீவனத்துக்குப் பழகிய ஆட்டுக்கான அளவு. மறுநாள் சில ஆடுகள் அசைபோடாமல் தலை தொங்கி நின்றன. இடது வயிறு உப்பியிருந்தது. கையால் அசைத்தால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம். புளித்த வாடையோடு கழிச்சல்.

ஆட்டின் முதல் இரைப்பையில் நார்ப்பொருளைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன. மாவுச்சத்து திடீரென்று குவிந்தால் லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும் பாக்டீரியா பெருகிவிடும். அமிலம் ஏற ஏற, உடம்பிலுள்ள நீர் வயிற்றுக்குள் இழுக்கப்பட்டு ஆடு வறண்டுபோகும். இதே திடீர் தீவன மாற்றம்தான், குடலில் பாக்டீரியா நஞ்சு பெருகித் திடீரென்று கொல்லும் துள்ளுமாரி நோய்க்கும் வழிவிடுகிறது. அதில் பெரும்பாலும் நன்றாகத் தின்று கொழுத்த குட்டியே முதலில் சாகும். துள்ளுமாரிக்குத் தடுப்பூசி உண்டு. முன்னே சொன்ன, வயிற்றில் அமிலம் ஏறும் நோய்க்குக் கிடையாது. அடர்தீவனத்தைக் கொஞ்சமாகத் தொடங்கி, 10 முதல் 14 நாளுக்குள் முழு அளவுக்குக் கொண்டுபோவதுதான் வழி. பாடத்திலும் 'படிப்படியாக' என்ற சொல் இருந்திருக்கும். வேகமாக ஓட்டிப் பார்க்கிற காணொளியில் அது எங்கே காதில் விழப்போகிறது?

அதனால் என் வகுப்பில் முதல் வீட்டுப்பாடம் எழுத்து வேலையே இல்லை. தெரிந்தவர் பண்ணைக்குப் போய், நோயில்லாத பத்து ஆடுகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்வேன். இடது விலாவுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் கையை மடக்கி அழுத்தி வைத்தால், நிமிடத்துக்கு ஒன்றிரண்டு தடவை இரைப்பை சுருங்கி முட்டியை மெல்லத் தள்ளும். அந்தத் தள்ளலை ஒருமுறை உணர்ந்தவருக்கு, அது நின்றுபோனால் உடனே தெரிந்துவிடும். ஆசனவாயில் வெப்பமானி வைத்து வெப்பம் பார்க்க வேண்டும். ஆட்டுக்கு 39 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். நம் உடல் சூட்டை மனதில் வைத்துக்கொண்டு நல்ல ஆட்டுக்குக் காய்ச்சல் மருந்து கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

கீழ் இமையைத் திருப்பிப் பார்ப்பதும் இதோடு சேர்ந்ததுதான். ரத்தம் குடிக்கும் வயிற்றுப் புழு அதிகமானால் இமையின் உட்புறம் வெளுக்கும். அதை ஒப்பிட்டுப் பார்க்கத் தென்னாப்பிரிக்காவில் உருவாக்கிய ஃபமாச்சா என்ற 5 நிற அட்டை இருக்கிறது. அசல் அட்டையையே வைத்துக்கொள்ளுங்கள். கைபேசித் திரையில் நிறம் மாறித் தெரியும், அதை நம்பிக் குடற்புழு மருந்தைக் கூட்டவோ நிறுத்தவோ முடியாது.

கொட்டகை அமைப்பு பற்றிய காணொளிகளுக்குப் பஞ்சமில்லை. ஆடு நிற்கும் பரணின் உயரம், கூரைச் சாய்வு எல்லாம் சொல்வார்கள். புதிதாக வாங்கிய ஆட்டை மூன்று நான்கு வாரம் தனியாகக் கட்டி வைக்க ஓர் இடம் மட்டும் பல வரைபடங்களில் இருப்பதில்லை. வைரஸால் வேகமாகப் பரவும் ஆட்டுக்கொல்லி நோய் (பிபிஆர்) பெரும்பாலும் புது ஆட்டோடுதான் பண்ணைக்குள் நுழைகிறது. பணம் குறைவென்றால் பரணை அப்புறம் கட்டுங்கள், அந்தத் தனியிடத்தை முதலில் ஒதுக்குங்கள்.

கடைசியாக, "ஆடு தின்னல, என்ன ஊசி போடலாம்?" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டு, யாரோ சொன்ன ஆன்டிபயாடிக்கைப் போடும் பழக்கம். மருத்துவரைக் கூப்பிடுங்கள். அவர் வருவதற்குள் வெப்ப அளவு, சாணத்தின் ஒரு படம், அசைபோடுகிறதா, கடந்த ஒரு வாரத்தில் தீவனத்தில் என்ன மாற்றினீர்கள் என்ற நான்கையும் அனுப்பிவிட்டால், எந்த மருந்தோடு கிளம்ப வேண்டும் என்று அவருக்குத் தெரியும்.