தேடுபொறி உகப்பாக்கமா, மேம்படுத்தலா?

கூகுள் போன்ற தேடுபொறிகளின் முடிவுப் பட்டியலில் ஓர் இணையதளம் மேலே வருமாறு அதைச் சீர்செய்வதை ஆங்கிலத்தில் ‘சர்ச் எஞ்சின் ஆப்டிமைசேஷன்’, சுருக்கமாக எஸ்இஓ என்கிறார்கள். இதற்குத் ‘தேடுபொறி மேம்படுத்தல்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. பயிற்சி வகுப்புத் துண்டறிக்கை, வேலை விளம்பரம், இயந்திர மொழிபெயர்ப்பு என எங்கே பார்த்தாலும் இதுதான். தேடுபொறியை மேம்படுத்துவது கூகுளிலும் பிங்கிலும் சம்பளம் வாங்கும் பொறியாளர்களின் வேலை. மற்றவர்கள் கைவைப்பது தங்கள் இணையதளத்தில்.

மூலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இலத்தீனில் ‘ஆப்டிமுஸ்’ என்றால் மிகச் சிறந்தது. ஆங்கிலத்தின் ‘ஆப்டிமைஸ்’ அதிலிருந்து வந்தது: இருக்கும் வரம்புகளுக்குள் எது மிகப் பொருத்தமோ அந்த நிலைக்குக் கொண்டுவருவது. 1990களில் தேடுபொறிகள் பெருகியபோது, தளங்களை முன்வரிசைக்குக் கொண்டுவரும் தொழிலுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

இனி இலக்கணம். ‘தேடுபொறி’யில் குறையில்லை, ஊறுகாய் போல நல்ல வினைத்தொகை. சிக்கல் அடுத்த சொல்லில் இருக்கிறது. மேம்படுத்து என்பது செயப்படுபொருள் கேட்கும் வினை. ‘சாலை மேம்படுத்தல்’, ‘ஏரி மேம்படுத்தல்’ என்றால் சாலையையும் ஏரியையும்தான். மறைந்திருப்பது ஐ உருபு. அப்படியானால் ‘தேடுபொறி மேம்படுத்தல்’ தேடுபொறியை மேம்படுத்தல்தானே? ‘தேடுபொறிக்காகத் தளத்தை மேம்படுத்தல்’ என்று விரித்துக்கொள்ளலாமே என்பார்கள். விரிக்கலாம். ஆனால் தொகையில் இல்லாத ‘தளத்தை’ வெளியிலிருந்து கொண்டுவர வேண்டியிருக்கிறது. விஷயம் ஏற்கெனவே தெரிந்தவருக்கு மட்டும் புரியும் கலைச்சொல் எதற்கு?

‘உக’ என்ற வினை அப்படியில்லை. அது இயல்பாகவே ‘கு’ உருபை ஏற்கும். குடிப்பதற்கு உகந்த நீர், நெல்லுக்கு உகந்த மண். எனவே தேடுபொறி உகப்பாக்கம் என்றதும் ‘தேடுபொறிக்கு உகந்ததாக ஆக்குதல்’ என்ற பொருள் வலிந்து இழுக்காமல் வருகிறது. ‘உகப்பு என்றால் மகிழ்ச்சி, விருப்பம், இங்கே பொருந்தாது’ என்ற மறுப்பும் உண்டு. அகராதியில் அந்தப் பொருள்கள் இருப்பது உண்மை. ஆனால் இன்று தமிழ் பேசுகிறவர் காதில் ‘உகந்த’ என்றால் ஏற்ற, பொருத்தமான என்பதுதான். தொல்காப்பிய உரியியலோ உகப்புக்கு உயர்தல் என்றே பொருள் சொல்கிறது. முடிவுப் பட்டியலில் மேலே ஏறும் வேலைக்கு இது தற்செயலாக அமைந்த பொருத்தம்; அதையே வாதமாக்க வேண்டியதில்லை.

மேம்படுத்தலுக்கு இன்னொரு குறையும் உண்டு. அது எல்லையில்லாத சொல். மென்பொருளின் புதிய பதிப்பை நிறுவுவதையும் இப்போது ‘மேம்படுத்துங்கள்’ என்றுதான் சொல்கிறார்கள். உகந்த நிலை என்பதற்கோ இரு பக்கமும் வரம்பு உண்டு. படத்தைச் சுருக்காமல் விட்டால் பக்கம் திறக்கத் தாமதமாகும். அளவுக்கு மீறிச் சுருக்கினால் படம் கலங்கும். பக்கத் தலைப்பில் தேடப்படும் சொல் ஒருமுறை வந்தால் பயன். ஐந்துமுறை திணித்தால் எரிதம் (ஸ்பேம்). பக்கத்தின் முக்கிய உள்ளடக்கம் 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்று கூகுள் வைத்திருப்பதும் ஓர் எல்லைக்கோடுதான்.

சொல் தவறினால் வேலையும் தவறாகப் புரிகிறது. தேடுபொறிக்குள்ளேயே ஏதோ செய்துதருவார்கள் என்று நம்பித்தான் பலர் ‘முதலிடம் உறுதி’ என்ற விளம்பரத்துக்குப் பணம் கட்டுகிறார்கள். அப்படி யாராலும் உறுதி தர முடியாது என்று கூகுளே எழுதி வைத்திருக்கிறது. திறவுச்சொற்களை அடுக்கும் ‘மெட்டா கீவேர்ட்ஸ்’ வரியைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று 2009இலேயே அறிவித்தார்கள். இன்றும் அதை நிரப்பிக் கட்டணம் வாங்குகிறவர்கள் உண்டு. உண்மையில் செய்ய வேண்டியது தளத்தின் உள்ளே கிடக்கிறது. ஒரு பக்கம் தேடலில் வரவே கூடாது என்றால் அதில் ‘நோஇண்டெக்ஸ்’ குறி வைக்க வேண்டும். எந்தப் பக்கங்களுக்குள் நுழையக் கூடாது என்று தேடுபொறிக்குச் சொல்லும் ரோபோட்ஸ் கோப்பிலும் அதே பக்கத்தைத் தடுத்துவிட்டால், பக்கங்களைப் படிக்க வரும் தேடுபொறியின் தவழிநிரல் (கிராலர்) உள்ளே போகாது, அந்தக் குறியைப் படிக்காது. வெளியிலிருந்து வரும் இணைப்புகளைக் கொண்டு முகவரி மட்டும் பட்டியலில் ஏறிவிடலாம். பூட்டின் மேல் பூட்டு என்று நினைத்துச் செய்வது இப்படிக் காலை வாரும்.

தமிழ்த் தளங்களுக்குத் தனிக் கவலைகள் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் ஏற்றிய பக்கம் கண்ணுக்குத் தமிழ். தேடுபொறிக்கு வெறும் ரோமன் எழுத்துக் குப்பை. ஒருங்குறிக்கு (யூனிகோடுக்கு) மாற்றாமல் வேறு எதைச் செய்தும் பயனில்லை. ‘கௌரவம்’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேர்த்துக் ‘கெளரவம்’ என்று தட்டினால் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றே, கணினிக்கு வேறு சொல். தேடுபொறி சில வேளை ஊகித்துக்கொள்ளும். ஊகத்தை நம்பித் தலைப்பு வைக்கக் கூடாது. முகவரியில் தமிழ் எழுதலாம், தடையில்லை. ஆனால் முகவரியை நகலெடுக்கும்போது ஒவ்வொரு குறியும் ‘%E0%AE%A4’ என்பதுபோல ஒன்பது எழுத்தாக விரியக்கூடும். த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறி கொண்ட ‘தமிழ்’ என்ற சொல் மட்டுமே 45 எழுத்து. வெட்டி ஒட்டும்போது பாதியில் அறுந்து, திறக்காத இணைப்பாகிவிடுவது இதனால்தான்.

இந்தத் துறையின் மற்றச் சொற்களுக்கும் இதே கதிதான். ‘ஆர்கானிக்’ முடிவுகளைக் ‘கரிம முடிவுகள்’ என்கிறார்கள். கரிமம் வேதியியலில் கார்பன். விளம்பரக் காசு கொடுக்காமல் தானாக வருவது என்பதால் ‘இயல்பு முடிவுகள்’ போதும். ‘பேக்லிங்க்’ எப்படியோ ‘பின்னிணைப்பு’ ஆயிற்று. அது நூலின் கடைசியில் சேர்க்கும் பகுதி. பிற தளங்களிலிருந்து நம் பக்கத்துக்கு வருவது ‘உள்வரும் இணைப்பு’. தேடுபொறி பக்கங்களைத் தன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளும் ‘இண்டெக்ஸிங்’கைக் ‘குறியீட்டாக்கம்’ என்பவர், குறியீடு என்ற சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம், ‘அட்டவணைப்படுத்தல்’ இருக்கிறதே. அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்து ஒட்டுவதா மொழிபெயர்ப்பு?

எழுதும்போது பெயராக வேண்டிய இடத்தில் ‘தேடுபொறி உகப்பாக்கம்’ என்று இரு சொல்லாகப் பிரித்தே எழுதலாம். வாக்கியத்தில் ‘பக்கத்தைத் தேடலுக்கு உகந்ததாக்கினோம்’ என்றால் இன்னும் தெளிவு. இந்தப் பொருள் பற்றித் தமிழில் பக்கம் வைப்பவர் தலைப்பில் ‘எஸ்இஓ’ என்பதையும் சேர்த்துக்கொள்வது நல்லது, தனித்தமிழ் ஆர்வலராகவே இருந்தாலும். தேடுகிறவர்கள் தட்டுவது அதைத்தான்.