கச்சானைக் கடித்தால் ஒரு கணக்கு, அரைத்தால் இன்னொரு கணக்கு

கொக்குவிலில் இருந்து ஆசிரியை ஒருவர் எழுதியிருக்கிறார். ரொறன்ரோவில் இருக்கும் தம்பி சொல்லி, போனில் ஒரு செயலியைப் போட்டு, ஒரு நாளைக்கு 1500 கலோரி என்று கணக்கு வைத்துச் சாப்பிடுகிறாராம். "கணக்குக்குள் நிற்கிறவரை பாணும் ஒன்றுதான், கடலையும் ஒன்றுதான் என்கிறான் தம்பி. அம்மாவோ, கணக்கை விடு, மாச் சாப்பாட்டைக் குறைத்துக் குரக்கனும் கீரையும் சாப்பிடு, உடம்பு தானாக இறங்கும் என்கிறார். யார் சொல்வது சரி?"

தம்பியின் பௌதிகத்தில் பிழை இல்லை. ஆனால் பாணும் கடலையும் ஒன்று என்ற இடத்தில் அவர் வழுக்குகிறார். ஏன் என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

கலோரி என்பது பாடசாலையில் படித்ததுதான். ஒரு கிலோகிராம் தண்ணீரின் வெப்பநிலையை ஒரு பாகை செல்சியசால் உயர்த்தத் தேவையான சக்தி ஒரு கிலோகலோரி. சாப்பாட்டுப் பேச்சில் நாம் கலோரி என்று சொல்வது அதைத்தான். 1890களில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் வில்பர் அட்வாட்டர் என்பவர் உணவை எரித்து அதில் இருந்து வந்த வெப்பத்தை அளந்தார். அதே உணவைச் சாப்பிட்டவர்களின் மலத்திலும் சிறுநீரிலும் வெளியேறிய சக்தியை அளந்து அதில் இருந்து கழித்தார். கிடைத்த எண்கள்தான் இன்றும் பிஸ்கற் பெட்டியின் பின்பக்கத்தில் நிற்கின்றன: மாச்சத்துக்கும் புரதத்துக்கும் கிராமுக்கு 4, கொழுப்புக்கு 9. உங்கள் செயலியும் இந்தப் பெருக்கலைத்தான் செய்கிறது. உடலுக்குள் சேர்வது செலவைவிடக் குறைந்தால் நிறை குறையும். இந்த விதிக்கு விலக்கான மனிதர் யாரும் இல்லை.

ஆனால் 4, 9, 4 என்பவை கலந்த சாப்பாட்டுக்கான சராசரிகள். தனி ஒரு கச்சான் விதைக்கு அந்தச் சராசரி பொருந்துமா?

1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஒரு சிறிய ஆய்வு வந்தது. ஒரே ஆட்களுக்குச் சில நாள் முழுக் கச்சான், சில நாள் கச்சானை அரைத்த வெண்ணெய், சில நாள் கச்சான் எண்ணெய் என்று கொடுத்து, மலத்தில் எவ்வளவு கொழுப்பு சமிபாடடையாமல் வெளியேறுகிறது என்று பார்த்தார்கள். எண்ணெயாகச் சாப்பிட்டபோது 4.5 வீதம். அரைத்த வெண்ணெயில் 7 வீதம். முழுக் கச்சானில் ஏறக்குறைய 18 வீதம்! 100 கிராம் கச்சானில் சுமார் 49 கிராம் கொழுப்பு இருக்கிறது. அதில் 18 வீதம் என்றால் கிட்டத்தட்ட 9 கிராம், அதாவது 80 கலோரி. செயலியில் ஏறியது, உடம்பில் ஏறவில்லை.

பிற்காலத்தில் அமெரிக்க விவசாயத் திணைக்கள ஆய்வாளர்கள் பாதாமை இன்னும் நுணுக்கமாக அளந்தார்கள். 2016இல் வந்த முடிவில், வறுக்காத முழுப் பாதாமில் இருந்து உடலுக்குக் கிடைத்தது கிராமுக்கு 4.4 கலோரி. வறுத்தால் 4.9, நறுக்கினால் 5.0. அரைத்து வெண்ணெயாக்கினால் 6.5. பொருள் ஒன்றேதான். கத்தியும் அம்மியும் எவ்வளவு வேலை செய்தன என்பதுதான் வேறு.

இதற்குக் காரணமான பொறிமுறை எனக்கு மிகவும் பிடித்தது. கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

தாவரக் கலத்துக்குச் சுவர் உண்டு, விலங்குக் கலத்துக்கு இல்லை என்று ஒன்பதாம் பத்தாம் வகுப்பிலேயே படம் கீறிப் பெயர் குறித்திருப்போம். அந்தச் சுவரின் முக்கிய பொருள் செலுலோசு. செலுலோசு எதனால் ஆனது? குளுக்கோசால். மாப்பொருள் எதனால் ஆனது? அதுவும் குளுக்கோசால்தான். இரண்டிலும் ஒரே மூலக்கூறு சங்கிலியாக நீள்கிறது. வேறுபாடு, ஒரு குளுக்கோசு அடுத்த குளுக்கோசைப் பிடிக்கும் திசையில் மட்டும். மாப்பொருளில் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்பதால் சங்கிலி சுருண்டு போகிறது. அதன் இடுக்குகளில் தண்ணீர் நுழையும், நொதியம் நுழையும். செலுலோசில் ஒன்றுவிட்ட ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்கிறது. அதனால் சங்கிலி நேராக நீள்கிறது. நேரான சங்கிலிகள் அருகருகே படுத்து, ஐதரசன் பிணைப்புகளால் ஒன்றையொன்று பிடித்து, இறுகத் திரித்த கயிறுபோல் ஆகிவிடுகின்றன. நம் உமிழ்நீரிலும் சதையியிலும் சுரக்கும் அமிலேசு என்னும் நொதியம் முதல் வகைப் பிணைப்பை வெட்டும். இரண்டாவதைத் தொடக்கூட முடியாது. மாட்டாலும் முடியாது. மாட்டின் வயிற்றில் குடியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் அதற்காக அந்த வேலையைச் செய்கின்றன. ஒரு பிணைப்பின் திசை மாறியதால் ஒன்று சோறாகவும் மற்றது வைக்கோலாகவும் ஆகிவிட்டது. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது வியப்புத்தான்.

சரி, கச்சானுக்கு வருவோம். கச்சானிலும் பாதாமிலும் எண்ணெய் தனியாக ஊறிக் கிடக்கவில்லை. நுண்ணிய துளிகளாகக் கலத்துக்குள் அடைபட்டிருக்கிறது. பல்லால் எவ்வளவு மென்றாலும் துணுக்குகள் அரை, ஒரு மில்லிமீற்றருக்குக் கீழே பெரிதாக இறங்குவதில்லை. ஒரு மில்லிமீற்றர்ப் பாதாம் துணுக்கின் குறுக்கே இருபதுக்கும் மேற்பட்ட கலங்கள் வரிசையாக நிற்கும். வெட்டுப்பட்ட மேற்பரப்பில் உள்ள கலங்கள் மட்டுமே உடைந்து எண்ணெயைக் கொடுக்கின்றன. உள்ளே இருப்பவற்றில் ஒரு பங்கு சுவர் மூடியபடியே சிறுகுடலைத் தாண்டிப் போய்விடுகிறது. அரைத்தாலோ சுவர்கள் நொறுங்கி எண்ணெயில் பெரும்பகுதி வெளியே வந்துவிடும்.

கடலையில் இது இன்னும் அழகு. கோவிலில் அவித்துக் கொடுக்கும் கொண்டைக்கடலை ஒன்றை எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் வைத்து நசுக்கிப் பாருங்கள். மாவாக உதிரும். அந்த ஒவ்வொரு துகளும் பெரும்பாலும் உடையாத தனிக்கலம். அவிக்கும்போது கரைவது கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்ரின் மட்டும். அதனால் கலங்கள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிகின்றன, சுவர்கள் அப்படியே நிற்கின்றன. உள்ளே மாப்பொருள் வெந்து, பருத்து, புரதத்தோடு நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறது. அமிலேசு சுவரின் நுண்துளைகளால் மெல்ல மெல்லத்தான் உள்ளே போக முடியும். கோதுமையை ஆலையில் மாவாக்கும்போது நடப்பது இதற்கு நேர்மாறு. சுவர்கள் முதலிலேயே உடைந்துவிடுகின்றன. பாண் வாய்க்குள் போகும்போதே மாப்பொருள் திறந்து கிடக்கிறது.

மெல்லச் சமித்தால் என்ன, சமியாமல் விட்டால் என்ன, கொஞ்சம் கலோரி மிச்சம், அவ்வளவுதானே என்று கேட்கலாம். இல்லை. பாண் சிறுகுடலின் மேற்பாதியிலேயே குளுக்கோசாகி உறிஞ்சப்பட்டுவிடும். கடலையின் மாப்பொருளில் ஒரு பங்கு கீழ்ப்பாதிவரை போய்ச் சேரும். அங்கேதான் எல் கலங்கள் என்று சில சிறப்புக் கலங்கள் அதிகம் இருக்கின்றன. உணவு தங்களைத் தொட்டால் அவை ஜி.எல்.பி.-1, பி.வை.வை. ஆகிய ஓமோன்களை விடுகின்றன. இரைப்பை வெறுமையாகும் வேகம் குறைகிறது. ஜி.எல்.பி.-1 சதையியைத் தூண்டி இன்சுலினையும் விடச் செய்கிறது. மூளைக்குப் "போதும்" என்ற செய்தி போகிறது. சிறுகுடலின் கீழ்ப்பகுதிக்குள் கொழுப்பை நேரடியாகச் செலுத்தினால் மேற்பகுதியின் அசைவு குறைகிறது என்பது 1984இலேயே மனிதர்களில் அளக்கப்பட்டது. 2023இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆய்வாளர்கள் வெள்ளைப் பாணில் கோதுமை மாவின் ஒரு பகுதிக்குப் பதிலாகக் கலம் உடையாத கொண்டைக்கடலைத் தூளைச் சேர்த்துச் சுட்டுக் கொடுத்தார்கள். சாப்பிட்டவர்களில் இந்த இரண்டு ஓமோன்களும் கூடின, குருதிக் குளுக்கோசு ஏறியது குறைந்தது, வயிறு நிறைந்த உணர்வும் கூடியது.

இப்போது உலகமெங்கும் பேசப்படும் நிறை குறைக்கும் ஊசி இந்த ஜி.எல்.பி.-1இன் நகல்தான். நம் உடலில் சுரப்பது இரண்டு நிமிடத்தில் பாதியாகச் சிதைந்துவிடும்; அந்த ஊசி மருந்துகளில் ஒன்றான செமாகுளூட்டைடு பாதியாகக் குறைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். கடலை சாப்பிட்டால் ஊசியின் பலன் வரும் என்று யாரும் ஏமாற வேண்டாம், அளவில் இரண்டுக்கும் பெரிய தூரம். ஆனால் தட்டும் கதவு ஒன்றுதான்.

இதையெல்லாம் சேர்த்து, மனிதர்கள் உண்மையில் எவ்வளவு சாப்பிடுகிறார்கள் என்று பார்த்த ஆய்வு 2019இல் வந்தது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹோல் குழுவினர் 20 பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலைகளில் அதிகம் பதப்படுத்தப்பட்ட சாப்பாடு, இரண்டு வாரம் பதப்படுத்தாத சாப்பாடு. மேசையில் வைத்த கலோரி, சீனி, கொழுப்பு, நார் எல்லாம் இரண்டிலும் சமம். விரும்பிய அளவு சாப்பிடலாம். பதப்படுத்திய சாப்பாட்டில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 கலோரி கூடச் சாப்பிட்டார்கள், வேகமாகவும் சாப்பிட்டார்கள். இரண்டு வாரத்தில் சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்றச் சாப்பாட்டில் அதே 0.9 கிலோ இறங்கியது. நாரைச் சமப்படுத்த அவர்கள் செய்ததைக் கவனியுங்கள்: பதப்படுத்திய சாப்பாட்டுக்காரரின் எலுமிச்சைப் பானத்தில் கரைத்துக் கொடுத்தார்கள். எண்ணில் நார் சமம். ஆனால் சுவராக நின்ற நார் அல்ல அது. முடிவில் இதற்கும் பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்து 2018இல் வெளிவந்த ஆய்வு இன்னொரு பக்கத்தைக் காட்டியது. 609 பேர், ஒரு வருடம். ஒரு பாதியினர் கொழுப்பைக் குறைத்தார்கள், மறுபாதியினர் மாச்சத்தைக் குறைத்தார்கள். இரு சாராருக்கும் பொதுவான அறிவுரை: சீனியையும் வெள்ளை மாவையும் விடுங்கள், மரக்கறி நிறையச் சாப்பிடுங்கள், கலோரி எண்ண வேண்டாம். இரு சாராரும் சராசரியாக 5, 6 கிலோ குறைந்தார்கள். எண்ணாமலே அவர்கள் சாப்பிட்ட கலோரி நாளுக்குச் சுமார் 500 குறைந்திருந்தது. அம்மா சொன்ன வழியில் போனால் தம்பியின் கணக்கும் தானாக இறங்குகிறது என்பதை இங்கே காண்கிறோம்.

அதற்காக அம்மா பக்கம் எல்லாம் சரி என்றும் சொல்ல மாட்டேன். குரக்கனையும் மாவாக அரைத்துத்தான் புட்டு அவிக்கிறோம். நார் கூட இருப்பது நல்லதுதான், ஆனாலும் சுவர் உடைந்த மா அது. தேங்காயைத் திருவிப் பிழிவதும் சுவரை உடைத்துக் கொழுப்பை எடுக்கும் வேலையே. சம்பலில் தேங்காய்ப்பூ போவதும், சொதியில் முதற்பால் போவதும் உடம்புக்கு ஒரே கணக்கு அல்ல. நல்லெண்ணெய் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. இந்த இடத்தில் செயலி உதவும். இரண்டு மூன்று வாரம் எழுதிப் பார்த்தால் எண்ணெயும் சீனியும் எங்கே ஒளிந்திருக்கின்றன என்று தெரிந்துவிடும். இரண்டு தேக்கரண்டிச் சீனி போட்ட தேத்தண்ணீர் நாளுக்கு ஐந்து குடித்தால் 40 கிராம் சீனி, 160 கலோரி. வயிறு அதைச் சாப்பாடாகக் கணக்கெடுப்பதே இல்லை. அது தெரிந்தபின் செயலியை மூடிவிடலாம். கடலைக்கும் கச்சானுக்கும் அது சொல்லும் எண்ணை வைத்து மனம் நொந்துகொள்ள வேண்டியதில்லை.

ஒரு விஷயம் மட்டும் எனக்குக் கோபம் வரச் செய்கிறது. தெற்கில் மீன் கறிக்குப் போடும் கொறக்காப் புளியில் இருந்து எடுத்த சாறு "கொழுப்பைக் கரைக்கும்" என்று குளிசையாக விற்கிறார்கள். 1998இல் 135 பேரிடம் 12 வாரம் சோதித்துப் பார்த்தாயிற்று. வெறும் போலிக் குளிசை எடுத்தவர்களைவிட அவர்கள் கூடுதலாகக் குறையவில்லை. வெறும் வயிற்றில் தேசிக்காய்த் தண்ணீர், வெந்தயத் தண்ணீர் என்று வரும் செய்திகளும் இதே இனம். கொழுப்பு தண்ணீரில் கரைவதில்லை என்று விஞ்ஞானப் பாடத்தில் எழுதிப் புள்ளி வாங்கியவர்களே அதைக் குழுக்களில் பகிர்வது வருத்தமாக இருக்கிறது.

அந்தக் குளிசைக்குச் செலவாகும் காசை ஆய்வுக்குக் கொடுத்தால் எவ்வளவோ செய்யலாம். ஜி.எல்.பி.-1 போல வேலை செய்யும் பொருளொன்றை 1992இல் ஜோன் எங் என்ற மருத்துவர், கீலா என்னும் பாலைவனப் பல்லியின் நஞ்சில் கண்டுபிடித்தார். அரசாங்க மருத்துவமனை ஒன்றில் வேலை செய்தவர். பல்லி நஞ்சை ஆராய்ந்து என்ன பயன் என்று அன்று யாரும் தடுத்திருந்தால், 2005இல் சந்தைக்கு வந்த அந்த வகையின் முதல் மருந்து வந்திருக்காது. நமக்குப் பல்லி வேண்டாம். ஒடியல் மாப் புட்டு, புழுக்கொடியல், மொட்டைக்கறுப்பன் சோறு, பயறு கலந்த பொங்கல் இருக்கின்றன. இவற்றைச் சாப்பிட்ட நம்மவர்களின் குருதியில் குளுக்கோசும் இந்த ஓமோன்களும் எப்படி ஏறி இறங்குகின்றன என்று யாழ்ப்பாணத்திலேயே அளக்க வேண்டும், வருடக்கணக்கில் அளக்க வேண்டும். பாதாமுக்குக் கிடைத்த மரியாதை புழுக்கொடியலுக்கும் கிடைக்கட்டும்.

ஆசிரியைக்கு நான் சொல்வது இதுதான். காலைப் புட்டில் பாதியைக் குறைத்து அந்த இடத்துக்கு அவித்த பயற்றையோ கடலையையோ வையுங்கள். நாலு மணிக்கு றோல்சுக்குப் பதிலாக ஒரு சிறு சரை கச்சான், மென்று சாப்பிடுங்கள். பழச்சாறு வேண்டாம், பழமாகவே சாப்பிடுங்கள். தேத்தண்ணீரில் சீனியைப் பாதியாக்குங்கள். நிறையைக் கிழமைக்கு ஒருமுறை பார்த்தால் காணும்.

அம்மாவுக்கு நீரிழிவு, மாத்திரை எடுக்கிறார் என்றும் எழுதியிருந்தீர்கள். அவரும் உங்களோடு சேர்ந்து சாப்பாட்டை மாற்றுவதாக இருந்தால் முதலில் கிளினிக்கில் சொல்லுங்கள். சில மாத்திரைகளோடும் இன்சுலினோடும் மாச்சத்தைச் சட்டென்று குறைத்தால் குளுக்கோசு அளவுக்கு மீறி இறங்கி மயக்கம் வரலாம். மருந்தின் அளவை மாற்ற வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும், புட்டை அதற்குப் பிறகு குறைக்கலாம்.